நாற்காலிக்குப் பின்னால் நின்றவள்

ஜூன் 11

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இருமல் விட்டுவிட்டது. உங்கள் முட்டிவலி எப்படி? அம்மா எப்படி என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே. அதனால் அதைக் கடைசியில் கேட்கிறேன்.

உங்கள் தலைமையாசிரியை எனக்கு எழுதியிருந்தார். ஆகஸ்டில் நீங்கள் ஓய்வு பெறும்போது விழாவாம், மலர் போடுகிறார்களாம். "விசில் டீச்சரைப் பற்றி அவர் வீட்டில் ஒருவர் எழுதினால் நன்றாயிருக்கும்" என்கிறார். வீட்டில் எழுதுகிற ஆள் ஒருத்தி இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? நீங்கள்தான் பெருமையடித்திருப்பீர்கள்.

விவரம் வேண்டும். எந்த வயதில் சேர்ந்தீர்கள், விளையாட்டுக்கு வந்தவர் நடனத்துக்கும் டீச்சர் ஆனது எப்படி, எத்தனை வரிசை, எத்தனை வெயில். வரலாறு மாதிரி வேண்டாம். துண்டு துண்டாகச் சொன்னால் போதும்.

இனி அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். "இடது பக்கம் யாரோ திரை போட்டுட்டாங்கடி. நேத்து கதவு நிலை நகர்ந்து வந்து என்னை இடிச்சிடுச்சு." பக்கத்தில் நீங்கள் இருமியது கேட்டது. அந்த வீட்டில் இருப்பது ஒரே ஃபோன், அதுவும் அம்மா கையில். அதனால்தான் கடிதம்.

ஒரு வருஷமாகச் சொட்டு மருந்து விட்டும் ஏன் இப்படி?

பிப்ரவரியில் வருகிறேன் என்றேன். ஏப்ரலில் வருகிறேன் என்றேன். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். இப்போது அதைத் திறந்தால் ஒரு வரியும் படிக்க முடியவில்லை.

போன மாதம் அம்மா ஒரு படம் அனுப்பினாள். வலது கண்ணில் இமைமுடி நீளமாய், கருகருவென்று. "ஒரு கண்ணுக்கு மட்டும் வயசு திரும்புது" என்று கீழே எழுதியிருந்தாள். நானும் சிரித்தேன். இன்னொரு கண்ணைப் பார்க்கவே இல்லை.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். எனக்காக மெழுக வேண்டாம்.

உங்கள்
வாலு


ஜூன் 26

அன்பு வாலுவுக்கு,

பெரியம்மா எழுதுவது. முட்டி நான் சொல்வதைக் கேட்பதில்லை, நானும் அது சொல்வதைக் கேட்பதில்லை. உன் அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், என்னைத் திட்டுகிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

எனக்குக் கட்டுரை வராது. கேட்டதைச் சொல்கிறேன்.

இருபத்தைந்து வயதில் சேர்ந்தேன். கொடுத்தது ஒரு விசில், ஒரு கயிறு, இரண்டு பந்து. அதில் ஒன்றில் காற்று இல்லை. இரண்டாம் வருஷம் நடன டீச்சர் கல்யாணமாகிப் போய்விட்டாள். அப்போதிருந்த தலைமையாசிரியர் கூப்பிட்டார். "ஏம்மா, உடம்பை வளைக்கத் தெரியும்ல? அப்ப ஆட்டத்தையும் நீங்களே பாத்துக்குங்க." அவ்வளவுதான் நியமனம். அடுத்த தெருவில் ஓர் அம்மாவிடம் சாயங்காலம் சாயங்காலம் போய்க் கற்றேன். பிள்ளைகளைவிட ஒரே ஒரு பாடம் முன்னால் இருந்தேன். அது அவர்களுக்குத் தெரியாமல் எட்டு மாதம் ஓட்டினேன்.

சிமெண்ட் தரையில் சாக்பீஸால் புள்ளி வைப்பேன். ஒரு புள்ளிக்கு ஒரு பிள்ளை. என்னிடம் ஆடியவர்கள் பாட்டை நினைவு வைத்திருக்க மாட்டார்கள், எண்ணிக்கையைத்தான் வைத்திருப்பார்கள். ஒண்ணு ரெண்டு மூணு திரும்பு. இன்றைக்கும் பஸ் கண்டக்டர் என்னைப் பார்த்தால் முதுகை நிமிர்த்திக்கொள்கிறான். தையல்காரி அளவு எடுக்கும்போது வாய்க்குள் ஒண்ணு ரெண்டு எண்ணுகிறாள். முப்பத்துமூன்று வருஷத்தில் இந்த ஊரில் பாதிப் பேரை வெயிலில் நிற்க வைத்திருக்கிறேன். அந்த மரியாதை இன்னும் இருக்கிறது. வேண்டுமானால் அதை எழுது.

இன்னொன்று. எதிரே நின்று ஆடிக்காட்டுகிறவள் கண்ணாடியாக வேண்டும். வாய் "இடது" என்று சொல்லும்போது கை வலதைத் தூக்க வேண்டும். அப்போதுதான் எதிரே நிற்கும் பிள்ளை பார்த்து இடதைத் தூக்கும். முதல் வருஷம் யோசித்து யோசித்துச் செய்தேன். பிறகு யோசிக்கவில்லை. இடது என்ற சொல் காதில் விழுந்தால் என் வலது கைதான் முதலில் அசையும். உன் பெரியப்பா இருந்தவரைக்கும் வண்டியில் போகும்போது வழி சொல்ல என்னை விட்டதில்லை.

இதை மலரில் போடாதே. வேண்டாம்.

இருபத்துநாலாம் தேதி கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இடது கண்ணில் நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது, ஓரத்தில் மிச்சமிருக்கும் கொஞ்சம் வெளிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வலது கண் நன்றாக இருக்கிறது. சொட்டு தொடர்ந்து விட வேண்டும். விடுகிறேன்.

நீ வராதது இதற்குக் காரணமில்லை. அதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அன்புடன்
பெரியம்மா


ஜூன் 26

நெட்டைக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆஸ்பத்திரியில் நீ நர்ஸ் வேலையில் இருந்தாய், கேட்க முடியவில்லை. பக்கத்தில் தங்கை இருந்தாள்.

"வீட்ல எப்படி விடுறீங்க டீச்சர், காட்டுங்க" என்றாய். நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவள் தலையைப் பின்னால் சாய்த்துக் காட்டினேன். மூக்கில் ரத்தம் வந்த பிள்ளைகளை அப்படித்தான் பிடிப்பேன். நீ முதல் நாள் எதிரே நின்று சரியாகத்தான் காட்டினாய். எதிரே நின்றால் அவள் கண்ணை இறுக்கிக்கொள்கிறாள் என்று வீட்டில் நானாகப் பின்னால் போய்விட்டேன்.

நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். அவள் வலது கண்ணுக்கு மேல் இருந்த என் கையை இடது கண்ணுக்கு மேல் நகர்த்தினாய். பிறகு அவள் வலது கண் இமைமுடியைப் பார்த்தாய். அந்த மருந்து பட்டால் முடி வளரும் என்று பிறகு நீதான் வாசலில் சொன்னாய்.

பதினொரு மாதம், நெட்டை. ஒரு நாள் விடாமல். கெடாத கண்ணுக்கு மருந்து.

கோப்பில் எழுத வேண்டும் என்றாய். கொஞ்சம் பொறு. தங்கையிடம் நானே என் வாயால் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் இரண்டாம் தேதி விழா. அது முடிந்ததும் சொல்லிவிடுகிறேன். அதுவரை எழுதாதே.

உன் டீச்சர்


ஜூன் 29

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் சுகம். தங்களுக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

சொட்டு இப்போது இடது கண்ணில் விடுகிறீர்கள்தானே?

சரி டீச்சர். எழுதவில்லை.

தங்கள் மாணவி


ஜூலை 9

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

சுகம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன். உங்களுக்கும் அம்மாவுக்கும் அது உண்மையாகவே இருக்கட்டும்.

காற்றில்லாத பந்திலிருந்து கட்டுரையைத் தொடங்குகிறேன். கண்ணாடி விஷயத்தைச் சேர்க்கவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான். இருந்தாலும் நீங்கள் வேண்டாம் என்றீர்கள்.

"நீ வராதது இதற்குக் காரணமில்லை." அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது. அப்படியானால் வேறு காரணம் இருக்க வேண்டும். இருந்தே ஆக வேண்டும்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் புகார் அனுப்பிவிட்டேன். பதினொரு மாதம் மருந்து விட்டும் கண் அழுத்தம் குறையவில்லை. நடுவில் மருந்தை மாற்றி இருக்கிறார்கள், ஏன் குறையவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் கண் சோதனைக்கு நீங்கள் போகவில்லை, அவர்கள் ஒரு ஃபோன் பண்ணவில்லை. அம்மாவிடம் முதல் நாள் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "நோயாளியின் வீட்டாருக்கு விளக்கியவர்" என்ற இடத்தில் ஒரு நர்ஸின் கையெழுத்து இருக்கிறது. பெயரைக் குறிப்பிட்டே எழுதினேன்.

அனுப்பிய உடனே பசித்தது. பத்து நாளுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன். கோபம் சௌகரியமானது, பெரியம்மா. வெட்கம் அப்படி இல்லை.

ஒரே ஒரு கேள்வி. எப்படி விட வேண்டும் என்று அந்த நர்ஸ் உங்களுக்கு ஒழுங்காகக் காட்டினாளா? ஆம் அல்லது இல்லை. ஒரு வார்த்தை போதும்.

வாலு


ஜூலை 21

அன்பு வாலுவுக்கு,

பெரியம்மா. இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. உன் அம்மா நேற்று தனியாகக் கடைக்குப் போய்வந்தாள். வரும்போது இடது பக்கம் வந்த சைக்கிளைத் திட்டிக்கொண்டே வந்தாள். சைக்கிள்காரன் என் மாணவன். "விசில் டீச்சர் தங்கச்சியா? மன்னிச்சிடுங்கம்மா" என்று இறங்கி நின்றானாம். "உன் பேரைச் சொன்னா பிரேக் பிடிக்குது அக்கா" என்று சிரித்தாள்.

புகார் எழுதுமுன் என்னைக் கேட்டிருக்கலாம். அந்த நர்ஸ் என்னிடம் படித்தவள். நெட்டை என்று கூப்பிடுவோம். ஆறாம் வகுப்பிலேயே என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். எந்த ஆட்டத்திலும் கடைசி வரிசை. ஒரு ஆண்டு விழா ஒத்திகையில் எல்லோரும் திரும்பியபோது அவள் மட்டும் நின்றுவிட்டாள். வரிசையையே கெடுத்துவிட்டாய் என்று சாப்பாட்டு மணி அடிக்கும்வரை கொடிக்கம்பத்தடியில் நிறுத்தினேன். பிறகு தெரிந்தது, முன்னால் நின்ற பெண் செருப்பு அறுந்து தடுக்கி விழ இருந்தாள், அவள் மேல் மோதாமல் இருக்கத்தான் இவள் நின்றாள். நானே வந்து கேட்டபோதும் அதை அவள் சொல்லவில்லை. விழ இருந்தவள்தான் சொன்னாள். அப்படி ஒரு நல்ல பெண்.

விழாவுக்குப் பழைய மாணவர்கள் இருநூறு பேர் வருகிறார்களாம். மைதானத்தில் புள்ளி வைக்கச் சொல்லிவிட்டேன். உன் கட்டுரை வந்து சேர்ந்ததா என்று தலைமையாசிரியை தினமும் கேட்கிறார்.

மற்றவை விழா முடிந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்
பெரியம்மா


ஜூலை 29

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலம். அங்கும் நலம் என்று உங்கள் கடிதம் சொன்னது. கேட்ட கேள்விக்குத்தான் பதில் இல்லை.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை கேட்டேன். "இல்லை" என்று எழுத உங்களுக்கு மனம் வரவில்லை, உங்கள் மாணவி என்பதால். புரிகிறது. நீங்கள் எழுதாததை நான் எழுதிவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டார்கள், வீட்டாருக்கு முறையாகக் காட்டப்பட்டதா என்று. காட்டப்படவில்லை என்று பதில் அனுப்பினேன்.

நேற்று அவர்கள் கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை அந்த நர்ஸை நோயாளிகளைப் பார்க்கும் வேலையிலிருந்து எடுத்து மருந்து இருப்பு அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். பெட்டிகளை எண்ணும் வேலை. விசாரணை ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி.

கொடிக்கம்பத்தடியில் அவளை நிறுத்தியது தப்பு என்று உங்களுக்குத் தோன்றுகிறது, அதற்காக இப்போது காப்பாற்றப் பார்க்கிறீர்கள். அப்படித்தானே?

கட்டுரையை அனுப்பிவிட்டேன். கடைசி வரியை மட்டும் இங்கே எழுதுகிறேன். "ஆயிரம் பிள்ளைகளுக்கு முன்னால் உயர்ந்த அந்தக் கை ஒரு முறைகூடத் தவறியதில்லை." கொஞ்சம் மிகைதான். மலருக்கு மிகை வேண்டும்.

விழாவுக்கு வர முடியவில்லை. வரவில்லை என்பதுதான் சரி. அம்மாவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் இன்னும் வரவில்லை.

வாலு


ஆகஸ்ட் 5

வாலு,

உடம்பைப் பற்றி விசாரிக்க இன்று முடியாது. நேரே சொல்கிறேன்.

உன் அம்மாவின் இடது கண்ணில் விட வேண்டிய மருந்தைப் பதினொரு மாதம் வலது கண்ணில் விட்டேன். நான்தான். நெட்டை சரியாகக் காட்டினாள். எதிரே நின்று, நிதானமாக, இரண்டு தடவை. வீட்டில் நான் உன் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று விட்டேன். பின்னால் நின்றால் அவள் இடது என் இடது. ஆனால் "இடது" என்று மனசுக்குள் சொன்னதும் என் கை வலப்பக்கம் போயிற்று. எதிரே பிள்ளைகள் நிற்கிற மாதிரி. ஒரு நாள்கூடச் சந்தேகம் வரவில்லை.

பிப்ரவரியும் ஏப்ரலும் போகாததற்கும் நான்தான் காரணம். ஒத்திகை. முதல் வரிசையில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாளம் நிற்கவில்லை. அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம் என்றேன்.

ஜூன் இருபத்துநாலாம் தேதியே எனக்குத் தெரியும். நெட்டைதான் கண்டுபிடித்தாள். எழுதாதே என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். விழா முடியட்டும் என்று நினைத்தேன். வேறு ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டேன், உன் அம்மா மனம் தாங்க வேண்டும், நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று. எல்லாம் சும்மா. மைதானத்தில் இருநூறு பேர் நிற்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

பார்த்தேன். நாற்பது வயதுக்காரர்கள், தொப்பை வைத்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்தவர்கள், எல்லோரும் புள்ளி புள்ளியாக நின்றார்கள். விசில் ஊதினேன். இருநூறு பேரும் ஒரே உடம்பாகத் திரும்பினார்கள். உன் கட்டுரையைத் தலைமையாசிரியை மைக்கில் வாசித்தார். கடைசி வரிக்குக் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் எல்லோருக்கும் மேலே ஒரு தலை தெரிந்தது. நெட்டை. நோயாளியைத் தொடக்கூடாது என்று வைக்கப்பட்டவள் லீவு போட்டுவிட்டு வந்து புள்ளியில் நின்றாள். அவளும் கைதட்டினாள்.

மறுநாள் காலையில் உன் அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொல்லி முடித்தேன். "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். முடிந்தது என்றேன். மிச்சக் கீரையை ஆய்ந்து முடித்தாள்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி, "எதுக்கு டீச்சர் இவ்வளவு நாள்?" என்று கேட்டார். அவரும் என்னிடம் படித்தவர். நிமிர்ந்து உட்கார்ந்துதான் கேட்டார்.

நீயும் கேட்பாய். பதில் மேலே இருக்கிறது.

பெரியம்மா


செப்டம்பர் 16

பெரியம்மாவுக்கு,

கடிதம் எழுதாமல் இருந்தது உடம்பு சரியில்லாததால் அல்ல. உங்கள் உடம்பு எப்படி என்று கேட்க வேண்டும். கேட்கிறேன்.

ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது. இதுவும் சரியில்லை.

பதினொரு மாதத்தை என்னால் விழுங்க முடிகிறது. கை பழகிய பக்கம் போயிற்று. யாருக்கும் நேரலாம். அன்றாடம் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர் நீங்கள். நான் நிற்கவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாற்பது நாள் தொண்டையில் நிற்கிறது. அந்த நாற்பது நாளில் எனக்கு இரண்டு கடிதம் எழுதினீர்கள். நெட்டை எவ்வளவு நல்ல பெண் என்று ஒரு பத்தியே எழுதினீர்கள். அவள் பேசாமல் நின்றதைப் பாராட்டினீர்கள்.

என் பங்கும் இருக்கிறது. நீங்கள் சும்மா இருந்த இடத்தில் நான் "காட்டப்படவில்லை" என்று எழுதினேன். தெரிந்து எழுதவில்லை. தேவைப்பட்டதால் எழுதினேன். யாரோ ஒருத்தி குற்றவாளியாக இருந்தால் நான் நிம்மதியாகச் சாப்பிடலாம். முகம் தெரியாத ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தேன்.

அவளுக்கு எழுதினேன். மன்னிப்பு என்ற சொல் எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது. பதில் வரவில்லை. வர வேண்டியதில்லை.

அந்தக் கட்டுரையை என் பெயரில் இனி எங்கும் போட வேண்டாம் என்று தலைமையாசிரியைக்கு எழுதிவிட்டேன். காரணம் சொல்லவில்லை.

அம்மா ஃபோனில் கண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. மழை பெய்ததா என்று கேட்கிறாள்.

வாலு


செப்டம்பர் 23

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் தங்கையும் சுகமாக இருக்க வேண்டும். நானும் வீட்டில் எல்லோரும் சுகம்.

தாங்கள் எழுதிய மூன்று கடிதங்களும் கிடைத்தன. பழைய வேலைக்கு வந்துவிட்டேன். தெரிந்தும் கோப்பில் எழுதாததற்கு எனக்கு ஓர் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். அது என் தப்புதான். அதை வாங்கிக்கொண்டேன்.

தாங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் என் பெரிய மனசைப் பற்றி எழுதுகிறீர்கள். அதைப் படிக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய மனசு இல்லை டீச்சர். பயம். தாங்கள் எழுதாதே என்றதும் எனக்குக் காலில் சூடு ஏறியது. முப்பத்தெட்டு வயதாகிறது, எனக்குக் கீழே ஆறு நர்ஸ்கள் வேலை செய்கிறார்கள், ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பார்க்கிறேன். தங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்து நின்று படித்தேன். விழாவுக்கு வந்ததும் அதனால்தான். வராவிட்டால் கடைசி வரிசையில் ஓர் இடம் காலியாகத் தெரியும் என்று வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு அந்தப் பெண்ணின் செருப்பைப் பற்றி நான் சொல்லாததும் அதேதான். தாங்கள் அதை நல்ல குணம் என்று இத்தனை வருஷம் எல்லோரிடமும் சொல்லிவந்தீர்கள். நானும் மறுக்கவில்லை.

தங்கள் தங்கையிடம் நான் பேசினேன். அவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன்.

இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம் டீச்சர். ஆஸ்பத்திரிக்கு வந்தால் மற்றவர்களைப் போலப் பார்ப்பேன். குறைவாகப் பார்க்க மாட்டேன்.

தங்கள் மாணவி


அக்டோபர் 8

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் எழுதுவதைப் பார்த்து நீ பயப்படாதே, எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். வரி கோணியிருந்தால் கண்ணால் இல்லை, அவசரத்தால். உன் பெரியம்மா பால் வாங்கப் போயிருக்கிறாள். முட்டிவலி இருப்பதால் எனக்குக் கால் மணி நேரம் கிடைக்கும். உனக்கு இருமல் திரும்ப வந்ததா? ஃபோனில் தொண்டை கட்டியிருந்தது.

நீ நாலு மாதமாக அவளுக்கு எழுதுகிறாய், அவள் உனக்கு எழுதுகிறாள், அந்த நர்ஸுக்கு எழுதுகிறாள், நீயும் அவளுக்கு எழுதுகிறாய். யார் தப்பு, எத்தனை நாள் தப்பு என்று மூன்று பேரும் பிரித்துக்கொண்டீர்கள். எனக்கு ஒருத்தரும் ஒரு கடிதம் போடவில்லை. கண் என்னுடையது.

அந்த நர்ஸ் மட்டும் நேரில் வந்து என் எதிரே உட்கார்ந்து பேசினாள். "உங்களுக்கு என்மேல கோபம் இருக்குமே?" என்று கேட்டாள். அதைத்தான் யாரும் கேட்கவில்லை. இருக்கிறது என்றேன். சரி என்றாள். பிறகு இரண்டு பேரும் டீ குடித்தோம்.

இங்கே எனக்குக் கோபப்பட இடமே இல்லை. காலையில் எழுந்தால் உன் பெரியம்மா அழுதுகொண்டிருக்கிறாள். தட்டு வைத்தால் அழுகை. நான் இடது பக்கம் திரும்பி எதையாவது தேடினால் அழுகை. ஒரு வாரம் நான்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன், யோசித்துப் பார். அப்புறம் சொல்லிவிட்டேன். "அக்கா, போனது எனக்கு. நீ அழுதா நான் எப்ப அழறது?" அன்றிலிருந்து என் எதிரே அழுவதில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொள்கிறாள்.

ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும். அதை அவள் உனக்கு எழுதியிருக்க மாட்டாள். எந்தக் கண் என்று எனக்குத் தெரியாதா என்று நீ நினைத்திருப்பாய். தெரியும். மருந்து தொடங்கிய முதல் வாரமே கேட்டேன். "அக்கா, இடதுன்னுதானே சொன்னாங்க?" என்றேன். "இடதுலதான் விடறேன், தலையை ஆட்டாதே" என்றாள். ஆட்டவில்லை. அப்புறம் பதினொரு மாதம் கேட்கவும் இல்லை. ஜூனில் அவள் கை இடது கண்ணுக்கு மாறியபோதும் கேட்கவில்லை. எனக்கு ஆறு வயதும் அவளுக்குப் பத்து வயதுமாக இருந்ததிலிருந்து அவள் சொன்னால் எனக்குச் சரியாகிவிடும். என் உடம்பில் எது இடது என்பதைக்கூட அவளிடமே விட்டுவிட்டேன். நினைக்க நினைக்க எரிகிறது. அவள்மேல் பாதி, என்மேல் பாதி.

அவளுக்கு நான் கேட்டது நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை. நினைவில்லை என்று சொல்லிவிட்டால் என்னால் தாங்க முடியாது.

மன்னிக்கிறாயா என்று கேட்டாள். இப்போது இல்லை என்றேன். எப்போது என்றாள். "தேதி சொல்ல மாட்டேன், நீ பாட்டுக்குக் காத்துக்கிட்டிரு" என்றேன். ஆனால் இந்த வீட்டை விட்டு நான் எங்கேயும் போகப் போவதில்லை. நீ உன் அறைக்கு என்னைக் கூப்பிட்டுக்கொள்ள நினைக்காதே. அங்கே வந்து உன் வெட்கத்தையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நீ லீவு போட்டு இங்கே வா. என் கண்ணைப் பார்க்க வராதே, முகத்தைப் பார்க்க வா. என் பக்கம் நின்று சண்டை போட இந்த வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அவளோடு தனியாகச் சண்டை போட்டு நான் ஜெயித்ததே இல்லை.

சொட்டு மருந்தை இப்போது நானே விட்டுக்கொள்கிறேன். அந்த நர்ஸ் சொல்லிக் கொடுத்தாள். படுத்துக்கொண்டு, கீழ் இமையை இழுத்து, மேலே பார்க்க வேண்டும். முதல் நாள் மூன்று சொட்டு கன்னத்தில் போனது, ஒன்று காதுக்குள் போனது. உன் பெரியம்மா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விடட்டுமா என்று கேட்கவில்லை. அவள் இரண்டு கையும் ஒரு வேலையும் இல்லாமல் தொங்குவதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். பாவமாக இருந்தது. இருந்தாலும் கூப்பிடவில்லை.

அம்மா